ஓரங்கட்டி

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கைவிரிப்பு மடிப்பவளுக்கு முட்டி இரண்டும் போய்விட்டன. காலமெல்லாம் நின்றே வேலை பார்த்தால் யாருக்குத்தான் போகாது? கடைசியில் மேற்பார்வையாளருக்கே மனசு இரங்கிவிட்டது.

"புதுக் கிளைக்குத் துணி ஏத்திட்டுப் போற வேனை நீங்க ஓட்டுறீங்களா? உக்காந்து பார்க்கிற வேலை. கத்துக்கிற செலவு நம்மளது. திங்கட்கிழமை சொல்லுங்க" என்றார்.

எனக்கு ஓட்ட வராதுங்க என்று சொல்ல வாயெடுத்தாள். முட்டி சுருக்கென்று இழுக்கவே, தலையை மட்டும் ஆட்டிவைத்தாள். திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம்.

அவளுக்கு ஓட்ட வராது என்பது வீட்டில் என்றோ முடிவான விஷயம். சின்ன வயதில் அப்பா வாங்கி வந்த வீடியோ கேமில் ஒரு கார்ப் பந்தயம் இருந்தது. படு மட்டமான கேம். விளக்குக் கம்பத்துக்குள் கார் புகுந்து வெளியே வரும். பாலத்தில் ஏறினால் சக்கரம் காணாமல் போகும். தம்பி அழுவான் என்று முதல் ஜாய்ஸ்டிக்கை அவனுக்கு விட்டுக்கொடுத்துவிடுவாள். அவனுக்குச் சிவப்புக் கார், இவளுக்கு நீலம். நீலக் கார் எப்போதும் சாலையோரப் புல்லில் போய்த்தான் நிற்கும். அப்பா அவளுக்கு 'ஓரங்கட்டி' என்று பெயர் வைத்தார். வீடே அப்படிக் கூப்பிட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஸ்கூட்டர் வேண்டுமென்று கேட்டாள். "ஓரங்கட்டிக்கு எதுக்கு வண்டி?" என்று சிரித்தே பேச்சை முடித்துவிட்டார்கள். அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். தம்பி டாக்சி ஓட்டப் போனான்.

ஞாயிறு மதியம் அவன் வீட்டுக்குப் போனபோது பரணைக் காலி செய்துகொண்டிருந்தான். அந்தக் கேம் பெட்டி தூசியோடு கீழே இறங்கியது.

"தூக்கிப் போடறதுக்கு முன்னாடி ஒரு ஆட்டம் ஆடலாமாக்கா?"

"முடியலடா. சரி, போடு."

வயர்கள் சிக்கிக் கிடந்ததில் யார் கைக்கு எது வந்தது என்று இருவருமே கவனிக்கவில்லை. திரையில் பார்த்தால் சிவப்புக் கார் அவளுடையது. அது சொன்ன பேச்சைக் கேட்டது. முதல் ஆட்டத்தை ஜெயித்தாள், அடுத்ததையும் ஜெயித்தாள். டாக்சிக்காரரின் நீலக் கார் புல்லில் நின்றது.

"தூக்கக் கலக்கம்" என்றான். கார் மாறி ஆடினார்கள். இப்போது அவள் புல்லில் நின்றாள். வயர் பழசு என்றான். அதையும் மாற்றிச் செருகிப் பார்த்தார்கள். யார் ஓட்டினாலும், எதைப் பிடித்தாலும் நீலக் கார் ஓரத்துக்கே போயிற்று. கேமைச் செய்தவனே அப்படிச் செய்து தொலைத்திருக்கிறான்.

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "இது தெரியாம உன்னை என்ன ஓட்டு ஓட்டினோம்க்கா."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை; சந்தோஷமும் வரவில்லை. அசதிதான் வந்தது. வீட்டில் மற்றவர்களுக்கு அது வேடிக்கை. அதை மெய்யென்று நம்பியவள் அவள் ஒருத்திதான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"வேலையில வேன் ஓட்டக் கூப்பிடறாங்கடா" என்றாள். "முடியாதுன்னு சொல்லத்தான் இருந்தேன்."

அவன் சிரிப்பை நிறுத்தினான். டிவியை அணைத்தான்.

"நானே சொல்லித் தர்றேன்க்கா. என் காரையே எடுத்துக்கலாம்."

"வேண்டாம்டா. வந்தா வரட்டும், வராட்டியும் போகட்டும். என்னைத் தெரியாத யார்கிட்டயாவது கத்துக்கிறேன்."