பெட்டிமீனின் பயம்

கடல் இல்லாத ஊரில் வீட்டுக்குள் ஒரு கடலை வைத்திருப்பது, தூங்கும் பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு டவுன் பஸ்ஸில் போவது மாதிரி. பள்ளம் வருமுன்னே கை பதறும். கரண்ட் போனால் மோட்டார் நிற்குமுன் என் மூச்சு நிற்கும். திண்டுக்கல் வெயிலில் தொட்டி சூடேறாமல் இருக்க மின்விசிறியை அதன் பக்கம் திருப்பிவிட்டு, நாங்கள் வேர்த்துக் கிடப்போம். நல்ல தண்ணீருக்கு லாரி பார்த்து நிற்கிற தெருவில், வடிகட்டிய நீரில் உப்பைக் கரைத்து ஊற்றுகிறவனை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். பார்க்கட்டும். உள்ளே பவளங்கள் விரிந்திருந்தன. கோமாளி மீன் ஜோடி ஒன்று பல வருஷமாக அங்கே குடித்தனம் நடத்தியது.

அதோடு நிறுத்தத் தெரியவில்லை எனக்கு. யார் வீட்டிலும் இல்லாத மீன் ஒன்று வேண்டும் என்ற அரிப்பு. மதுரைக் கடைக்காரர் நீலம், ஊதா, வரி போட்டது என்று காட்டக் காட்டத் தலையை ஆட்டிக்கொண்டே வந்தேன். கடைசித் தொட்டியில் அது நின்றது. எலுமிச்சை நிறத்தில், கரும்புள்ளி வைத்து, நான்கு பக்கமும் செதுக்கியது போல ஒரு பெட்டிமீன்.

"சார், இது வேணாம்" என்றார் கடைக்காரர். "பயந்துச்சுன்னா தோல்ல இருந்து விஷத்தை விட்ரும். தொட்டில உள்ள அம்புட்டும் போயிரும். அதுவும் சேந்து."

எதற்கெல்லாம் பயப்படும் என்று கேட்டேன். கையை விரித்தார். "அது அதோட மனசு சார்."

அதற்குப் பிறகும் வாங்கினேன். பயம் வந்தால் சுற்றியிருப்பவர்களையும் சேர்த்து வதைக்கிற குணம் எனக்கொன்றும் அந்நியமில்லை.

விராலாவது வாங்கியிருந்தால் சோற்றுக்கு வெஞ்சனமாக ஆகியிருக்கும் என்று மனைவி முதலில் கேலி பேசினாள். விஷத்தைப் பற்றிச் சொன்னதும் கேலி நின்றது. குக்கரும் மிக்ஸியும் பின்கட்டுக்குப் போயின. கதவுகள் முனகாமல் மூடிக்கொண்டன. விஷத்தை உறிஞ்சக் கரித்தூள் பை ஒன்றை வடிகட்டியில் போட்டுவைத்தேன். ஒரு மீனின் பயத்துக்குப் பயந்து, சொந்த வீட்டில் நுனிக்காலில் நடந்தோம்.

மாசி வந்தது. அம்மனுக்குப் பூ கொண்டுபோகும் ஊர்வலம் எங்கள் தெருவழியாகத்தான் போகும். ஒவ்வொரு வாசலிலும் நிற்கும், பூத்தட்டு வாங்கும், நின்ற இடத்தில் கொட்டு உச்சத்துக்கு ஏறும். தொட்டி இருப்பதோ தெருவை ஒட்டிய கூடத்தில். தெருமுனையில் அடி விழுந்தபோதே தொட்டி நீரின் மேல் சுருக்கம் ஓடியது. பெட்டிமீன் மூலைக்குப் போய்ச் சுவரில் முட்டி முட்டித் திரும்பியது. பிடித்து வேறு வாளியில் விட வலையை எடுத்தேன். வலையைக் கண்டே அது பயந்துவிட்டால்? நீரைத் தொடாமல் வலையோடு நின்றேன். கோமாளி மீன்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஏதுமறியாமல் நின்றன. என் முகத்தைப் பார்த்துவிட்டு மனைவி வெளியே போனாள்.

நோயாளி கிடக்கிற வீட்டு வாசலில் கொட்டடிப்பதை நிறுத்தி நடப்பது எங்கள் தெரு வழக்கம். கொட்டடிப்பவரிடம் மனைவி பேசுவது ஜன்னல் வழியாகக் கேட்டது.

"அண்ணே, எங்க வாசல்ல மட்டும் அடிக்காமப் போங்கண்ணே."

"ஏத்தா, ஆருக்கு முடியலை?"

மீனுக்கு என்று எப்படிச் சொல்வாள்?  "அவுகளுக்குத்தான். நெஞ்சு வலி."

கொட்டு நின்றது. பூவாசமும் காலடிகளும் மட்டும் வாசலைக் கடந்தன. வலையைக் கீழே வைத்தேன்.

உள்ளே வந்தவள், தெருவே பார்க்க வருகிறது, போய்ப் படுங்கள் என்று என்னை உள்ளறைக்குத் தள்ளினாள். படுத்தேன். நெற்றியில் திருநீறு விழுந்தது. பிரியாணியைக் குறைக்கச் சொன்னால் கேட்டால்தானே என்று எதிர்வீட்டு அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தபடி ஊருக்கே சொன்னார். அப்போது கூடத்தில் டொக், டொக்கென்று யாரோ தொட்டிக் கண்ணாடியைத் தட்டும் சத்தம்.

"இதென்னத்தா, சோப்புக் கட்டியாட்டம் ஒரு மீனு?"

என் நெஞ்சு நிஜமாகவே இறுகியது. நாடி இந்தக் குதி குதிக்கிறதே என்று அண்ணன் பதறி, ஆட்டோவுக்குப் போன் போட்டார். கண்ணாடியைத் தட்ட வேண்டாமென்று சொல்லுங்கள் என முனகினேன். "ஏப்பா, தட்டாதீக. அவருக்குச் சத்தம் ஆகலை" என்று அவர் அதட்ட, தட்டல் நின்றது. எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு அவரும் ஆட்டோ பார்க்கத் தெருமுனைக்குப் போனார்.

எழுந்து ஓடினேன். விஷம் கலந்திருந்தால் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். ஒன்றும் மேலே வரவில்லை. பெட்டிமீன் பாறையில் எதையோ கொத்திக்கொண்டிருந்தது. "ஒண்ணும் ஆகலை" என்றேன்.

 திரும்பினால், மனைவி தொட்டியைப் பார்க்கவே இல்லை. என் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாமி வாசல்ல நிக்கையில என் வாயாலயே சொல்லிப்புட்டேங்க."

"பொய்தானே."

"அதான் பயமா இருக்கு."

ஒரு தடவை நெஞ்சைக் காட்டிவிட்டு வந்துவிடலாம் என்று சட்டையை எடுத்துக் கொடுத்தாள். மறுக்கவில்லை. உள்ளே இன்னும் குதித்துக்கொண்டுதான் இருந்தது. பித்தானை மாட்டும்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஹாரன் அடித்துவிடப் போகிறான் என்று இருவரும் ஒன்றாக வாசலுக்கு ஓடினோம்.