ஊசி படாத உடை

தொண்ணூறுகளின் நடுவில், ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் நாங்கள் இருந்தபோது, என் மகள் உடை வடிவமைப்பு படித்துக்கொண்டிருந்தாள். கடைசி ஆண்டுத் தேர்வுக்கு, பழைய மரபு உடை ஒன்றைப் பின்பற்றி, துணி வீணாகாத புது உடை ஒன்றைச் செய்து மேடையில் காட்ட வேண்டும். அவள் எடுத்துக்கொண்டது பின்கொசுவச் சேலைக்கட்டு. எங்கள் தென்மாவட்டப் பக்கம் நாற்று நடும் பெண்கள் அப்படித்தான் கட்டுவார்கள். கொசுவம் முன்னால் இல்லாமல் முதுகுப் பக்கம் விரிந்து நிற்கும்.

என் மனைவியிடம் இரண்டு பழைய கண்டாங்கிச் சேலைகளைக் கேட்டு வாங்கினாள். கத்தரி வைக்கவில்லை. தைக்கவில்லை. ஒன்றைக் கணுக்காலுக்கு மேல் நிற்கும் பாவாடையாகவும், இன்னொன்றை ரவிக்கைக்கு மேல் சட்டை போலவும், மடித்து முடிச்சுப் போட்டே கட்டினாள். அவிழ்த்தால் மறுபடியும் இரண்டு சேலைகள். குப்பைக்குப் போக ஒரு துண்டுத்துணி இல்லை. எல்லாம் சரி. அதை உடுத்தி மேடையில் நடக்கப்போவதும் தானேதான் என்றாள்.

"அவுந்து விழுந்துட்டா?"

"விழாதுப்பா."

"உள்ளே ஒரே ஒரு ஊக்கு குத்திக்கோ. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே."

விஷயம் எப்படியோ தொழிற்சாலைக்கும் போய்விட்டது. என்னோடு வேலை பார்த்த, பக்கத்துச் சேக்காடு ஊர்க்காரர் ஒருவர் சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "இன்னா சார், உன் பொண்ணு ஊசி நூலே இல்லாம டிரஸ் பண்ணிகீதாமே? அப்பால டெய்லருங்கோ சோத்துக்கு இன்னா பண்ணுவானுங்கோ?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கரையான்சாவடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நிகழ்ச்சி. பையில் ஒரு போர்வையை மடித்து வைத்துக்கொண்டு முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்தேன். எதற்கு என்று மனைவி கேட்கவில்லை; அவளுக்கும் பயம் இருந்திருக்கும். சேக்காட்டுக்காரர் குடும்பத்தோடு எங்களுக்குப் பின்னால் இருந்தார்.

மகள் வந்தாள். நன்றாகத்தான் நடந்தாள். மேடை ஓரம் வந்து திரும்பும்போது, சீரியல் பல்பு கட்டியிருந்த கம்பத்தின் ஆணியில் பின்கொசுவம் மாட்டிக்கொண்டது. அவளுக்குத் தெரியவில்லை. மேலும் இரண்டு எட்டு வைத்தாள். துணி விறைத்து நீண்டது. நான் போர்வையோடு எழுந்துவிட்டேன். இதை எழுதும்போதும் அந்த ஆணி கண்முன் நிற்கிறது.

கொசுவத்தின் மடிப்புகள் ஒவ்வொன்றாக விரிந்து கொடுத்தன. இடுப்பு முடிச்சு அசையவில்லை. அவள் நின்றாள். ஓர் அடி பின்னால் வந்து, கையைப் பின்னே விட்டு, ஆணியிலிருந்து துணியை எடுத்து உதறினாள். மடிப்புகள் விழுந்து பழையபடி நின்றன. அதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

பின்னாலிருந்து சேக்காட்டுக்காரர் குரல் வந்தது. "உக்காரு சார், மறைக்குது. பொண்ணு ஸ்டெடியாத்தான் கீது. நீதான் உழுந்துடுவ போல."

நாள் முழுக்க அந்தச் சேலைக்கட்டோடு குனிந்து நிமிர்ந்து வேலை செய்த பெண்களைப் பார்த்தே வளர்ந்தவன் நான். ஒருத்திக்கும் அவிழ்ந்ததில்லை. பெற்ற பிள்ளை மேடையேறியதும் அதெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் ஓடினேன். தண்ணீர் கேட்டாள். பாட்டில் மூடியை நான் மூடும் பக்கமே திருகிக்கொண்டிருந்தேன். அவளே வாங்கித் திறந்து, "முதல்ல நீங்க குடிங்கப்பா" என்று என்னிடம் நீட்டினாள்.