புல்லைப் பெயர்த்தவர்

திண்டிவனத்தில் என் வீட்டுப் புல்தரைக்குத் தண்ணீர் விட, பிரம்மதேசத்திலிருந்து தினமும் சைக்கிளில் ஒருவர் வருவார். வெளுத்த சட்டை, வெடித்த குதிகால். ஊரில் அவருக்கு நிலக்கடலை போடும் சிறு கொல்லை ஒன்று உண்டு. மோட்டாரை நிறுத்தியதும் ரப்பர் குழாயைத் தோளுக்கு மேல் தூக்கி, உள்ளே தங்கிய தண்ணீரையும் புல்லிலேயே வடித்துவிடுவார்.

போர்வெல் வற்றிவிட்டது. லாரித் தண்ணீர் வாங்கி வாங்கி எனக்கும் அலுத்துவிட்டது. அவரைக் கொண்டே புல்லைப் பெயர்த்து, சரளைக்கல் பரப்பி, கற்றாழை நட்டேன்.

"இதுக்கு எத்தினி நாளைக்கு ஒருக்கா தண்ணி வுடணுங்க?"

"மாசத்துக்கு ரெண்டு தடவை போதும், நானே விட்டுப்பேன். நீங்க இனிமே உங்க மல்லாட்டைக் கொல்லையப் பாத்துக்கலாம்," என்றேன், ஆறுதலாக.

"அது தண்ணி பாய்ச்ச ஆளில்லாம போன கோடையிலயே காஞ்சிப்போச்சுங்க. நான் இங்க வுட்டுக்கினு இருந்தேன்ல."

குரலில் கோபமே இல்லை. இன்றுவரை எனக்கு உறுத்துவது அதுதான். வழக்கம்போலக் குழாயைத் தூக்கி வடித்தார். சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.