நூறக்காவின் நடுவிரல்

எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவரை நூறக்கா என்றுதான் கூப்பிடுவோம். எண்ணித் தள்ளும் இயந்திரம் வந்த பிறகும், குழந்தைகளின் ரத்தம் வந்தால் ஒரு சொட்டைக் கண்ணாடியில் தேய்த்து, நுண்ணோக்கியில் நூறு வெள்ளையணுக்களைத் தானே எண்ணிவிட்டுத்தான் சாப்பிடப் போவார்.

"மெஷின் இருக்கறப்ப நீங்க ஏன்க்கா அல்லாடுறீங்க?"

"மெஷின் கவலப்படாதுடா."

அவர் எண்ணும் கருவியில் ஒவ்வொரு வகை அணுவுக்கும் ஒரு பொத்தான். ஆள்காட்டி விரலுக்கு நியூட்ரோபில். "யாரு என்னன்னு கேக்காம முதல்ல பாய்ஞ்சு அடிச்சு, அங்கயே செத்தும் போற முரடன்" என்பார். நடுவிரலுக்கு லிம்போசைட். "இது என் நாத்தனார் மாதிரி. ஒரு தடவ சண்ட போட்டா ஆயுசுக்கும் முகத்த மறக்காது."

அன்று வந்தது மூன்று மாதக் குழந்தையின் ரத்தம். இரண்டு முறை நிமோனியா, வாயில் ஆறாத வெள்ளைப் படலம். காய்ச்சல் தணிந்து, தள்ளிப்போன தடுப்புச் சொட்டு மருந்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தார்கள். லிம்போசைட் எண்ணிக்கை ஆயிரத்துச் சொச்சம். இயந்திரம் சிவப்புக் குறி எதுவும் போடவில்லை. நானும் பெரிய மனிதனாகக் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பிவிட்டேன்.

டிக், டிக் என்று எண்ணிக்கொண்டிருந்த அக்கா சட்டென்று நிறுத்தினார்.

"நடுவிரல் சும்மாவே கிடக்குடா."

"ரிப்போர்ட் நார்மல்க்கா."

"உனக்கு நார்மல். இந்த வயசுக் குழந்தைக்கு இதுதான் பாதிக்கு மேல இருக்கணும். நூத்துக்குப் பத்துகூடத் தேறலயே!"

இயந்திரத்தைப் பழுதுபார்த்தவர் பெரியவர்களுக்கான அளவை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒருவரும் கவனிக்கவில்லை. சொட்டு மருந்தில் இருப்பது வலுக்குறைத்த, ஆனால் உயிருள்ள கிருமி. நம் உடம்பு அதை அடித்துப் பழகிக்கொள்ளும். அடிக்க ஆளே இல்லாத உடம்பில் அதுவே நோயாகிவிடலாம். மூட்டுவலிக்காரி அக்கா, செருப்பைக்கூட மாட்டாமல் மூன்று மாடி ஏறி ஓடினார். மருந்தை நர்ஸ் கையிலேயே தடுத்துவிட்டார்.

குழந்தை, வேலை செய்யும் லிம்போசைட் படை இல்லாமலே பிறந்தவன். அவனுடைய ஆறு வயது அக்காவின் எலும்பு மஜ்ஜை பொருந்தியது. அதைச் சாதாரணமாக ரத்தம் ஏற்றுவதுபோல ஏற்றினார்கள். பிறகு அவனுடைய ரத்தம் வாராவாரம் எங்களிடம் வந்தது. வாராவாரம் நடுவிரல் சும்மா கிடந்தது. நூறக்கா சாப்பாட்டை மூடியே வீட்டுக்கு எடுத்துப் போனார். கேட்டால் எரிந்து விழுவார்.

ஒரு மதியம் என் கையை வெடுக்கென்று பிடித்துக் கருவிமேல் வைத்தார்.

"இன்னைக்கு என் விரல நம்ப மாட்டேன்டா. நான் சொல்லச் சொல்ல நீ அழுத்து."

கண்ணை நுண்ணோக்கியிலிருந்து எடுக்கவேயில்லை.

"ஆள்காட்டி. நடு. நடு. ஆள்காட்டி. நடு."

அவை அவனுடையவை அல்ல. அவன் அக்காவுடையவை என்று அந்த வாரம்தான் வேறொரு பரிசோதனை சொல்லியிருந்தது. ஒரு சிறுமியின் எலும்பிலிருந்து வந்தவை, தம்பியின் ரத்தக் குழாய் வழியே போய், யாரும் வழிகாட்டாமல் அவன் எலும்பைத் தேடிப் பிடித்து, குடியேறிப் பெருகி, இதோ காவலுக்கு வந்து நிற்கின்றன. பத்து வருடமாக ரத்தத்தோடு புழங்குகிறேன். அன்றுதான் எனக்குப் புல்லரித்தது.

நூறு ஆனதும் கருவி மணியடித்தது. அக்கா எப்போதும் அங்கே நிறுத்திவிடுவார்.

"நடு" என்றார்.

அழுத்தினேன்.