பறவை விழாவுக்கு அழைக்கப்படாதவர்

நான் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில் தொலைபேசி அடித்தது. ரஞ்சன் பேசினார். "அக்கா, சோமண்ணை மோசம் போயிட்டார்," என்றார். சூரிச்சில் ஓர் உணவகத்தின் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றவர், இயந்திரத்திலிருந்து தட்டுகளை இறக்கும்போது அப்படியே சரிந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. இவற்றை ஒழுங்காகச் சொல்லி முடித்த பிறகுதான் ரஞ்சன் அழுதார். அழுது ஓய்ந்ததும், "இனியாவது அதை எழுதுங்கோ அக்கா. என்ர பேரையும் போட்டு எழுதுங்கோ," என்றார். அவர் கேட்டபடியே எழுதுகிறேன்.

சோமசுந்தரம் என்றால் உங்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். சூரிச்சின் லங்ஸ்ராசத் தெருப் பக்கத்துத் தமிழ்க் கடைகளில் 'கோழி அண்ணை' என்றால் தெரியும். அந்தப் பட்டத்தைச் சொல்லிச் சிரித்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். விபரம் அறியாதவர்கள். முக்கியமாக அவர்களுக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன்.

எண்பத்தாறு மாரியில் அவர் சுவிஸுக்கு வந்தார். யாழ்ப்பாணத்து வடமராட்சியில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். அகதி மனுக் கொடுத்தவர்களைக் கிராமங்களுக்குப் பிரித்து அனுப்பியபோது, அவருக்கும் ரஞ்சனுக்கும் வேறு சில இளம் ஆட்களுக்கும் ஓர் ஏரிக்கரைக் கிராமம் கிடைத்தது. தங்குமிடம், பள்ளிக்கூடத்தின் அடியில், போர் வந்தால் ஊர்மக்கள் ஒளிவதற்கென்று கட்டிய நிலவறை. யன்னல் இல்லை. கதவு ஒரு சாண் தடிப்பு. முதல் நாள் நான் அங்கே இறங்கிப் போனபோது, சோமண்ணை என்னை வரவேற்றது இப்படி:

"வாங்கோ தங்கச்சி. ஊரிலை பங்கர் வெட்ட மண்வெட்டிக்கு அலைஞ்சனாங்கள். இஞ்சை பாருங்கோ, வெட்டி, வெள்ளையடிச்சு, லைற்றும் போட்டு வைச்சிருக்கிறாங்கள்."

நான் எழுபதுகளில் கணவரின் படிப்போடு இந்த நாட்டுக்கு வந்தவள். ஜெர்மன் கற்றுக்கொண்டதால் மொழிபெயர்ப்பாளர் வேலை என்னைத் தேடி வந்தது. இந்த வேலையில் ஒரு விதி உண்டு. பேசுபவர் 'நான்' என்றால் நாமும் 'நான்' என்றே சொல்லவேண்டும். 'அவர் சொல்கிறார்' என்று விலகி நிற்கக்கூடாது. சோமண்ணையின் முதல் விசாரணையில், "என் ஒரே மகனை என் வீட்டு முற்றத்தில் வைத்து இராணுவம் வாகனத்தில் ஏற்றியது; முகாம் வாசலில் மாதக்கணக்காக நின்றேன்; அவனை அதற்குப் பிறகு காணவில்லை," என்று ஜெர்மனில் சொன்னது என் வாய்தான். பிள்ளை பெறாதவள் நான்.

அந்தக் கிராமத்தில் பறவைகளையும் ஏரிக்கரை நாணல்களையும் காப்பதற்கு ஒரு சங்கம் இருந்தது. அதன் தலைவி ஹேடி, ஓய்வுபெற்ற தாதி. ஒவ்வொரு வசந்தத்திலும், மே மாதத்து ஒரு ஞாயிறன்று, சங்கம் பறவை விழா நடத்தும். விடியும் முன்னரே ஊர்மக்கள் நாணலோரப் பாதையில் வரிசையாக, ஒரு சொல்லும் பேசாமல் நடப்பார்கள். இருட்டுக்குள் பறவைகள் ஒவ்வொன்றாகக் குரல் எடுப்பதைக் கேட்பார்கள். பிறகு கூடாரத்தில் காலை உணவு. பிள்ளைகள் குருவிகளுக்குப் பலகைக் கூடு செய்வார்கள். நாணலை அழித்துப் படகுத்துறை கட்டுவதற்கு எதிராகப் பெரியவர்கள் பேசுவார்கள். எண்பத்தேழில் ஹேடி தானே நிலவறைக்கு இறங்கி வந்து, நம் ஆட்களையும் விழாவுக்கு அழைத்தார். சோறும் கறியும் சமைத்துத் தர முடியுமா என்றும் கேட்டார்.

அந்த முதல் நடையில் சோமண்ணை எனக்குப் பின்னால் வந்தார். கடனாகக் கிடைத்த பெரிய சப்பாத்து. சிறிது தூரம் போனதும் என் காதருகே குனிந்து, "தங்கச்சி, ஏன் இவங்கள் செத்தவீட்டுக்குப் போறமாதிரிப் போறாங்கள்?" என்றார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினேன். முன்னால் போனவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பழியை ஏற்றவர் அவர்தான். கையெடுத்துக் கும்பிட்டு, தனது நெஞ்சைத் தொட்டுக் காட்டி, தானும் இரண்டு தரம் இருமினார்.

காலை உணவின்போது ஹேடி அவரிடம், உங்கள் ஊரில் என்னென்ன பறவைகள் என்று ஆவலாகக் கேட்டார். சோமண்ணை யோசித்தார். "நிறைய இருந்தது அம்மா. நாங்கள்தான் பாக்கேல்லை. கடைசியாய் அண்ணாந்து பாத்ததெல்லாம் ஆமியின்ர ஹெலி வருகுதோ எண்டுதான்." நான் மொழிபெயர்த்ததும் ஹேடி இன்னொரு துண்டு பாணை எடுத்து அவருடைய தட்டில் வைத்தார். கொஞ்சம் தள்ளி முட்டைப் பொரியல் இருந்தது. சோமண்ணை அதைத் தொடவில்லை. அவர் சுத்த சைவம். மச்சம் சமைத்த சட்டியைக்கூடத் தொடமாட்டார். நிலவறையில் தனக்கென்று ஒரு சிறு சட்டி வைத்திருந்தார். இளம் ஆட்கள் அதை 'கர்ப்பக்கிரகம்' என்று பகிடி பண்ணுவார்கள்.

அடுத்த வசந்தத்தில்தான் அது நடந்தது. சித்திரை வருடப்பிறப்புக்கு மறுநாள், ஊர் வழக்கப்படி மச்சம் சமைக்க ரஞ்சனும் நண்பர்களும் ஆசைப்பட்டார்கள். பண்ணைக்காரர் ஒருவரிடம் உயிரோடு இரண்டு வெள்ளைக் கோழிகளை வாங்கி வந்து, நிலவறையின் பின்பக்கத்தில் வெட்டி உரித்தார்கள். இறகுகளைக் குப்பைப் பையில் கட்டித் தெருவோரம் வைத்தார்கள். அந்தக் கிராமத்தில் எல்லோரும் குப்பையை அப்படித்தான் வைப்பார்கள். இரவில் நரியோ பூனையோ பையைக் கிழித்துவிட்டது. காலையில் பள்ளிக்கூடத்துக்கு வந்த பிள்ளைகள், வாசலெங்கும் வெள்ளை இறகும் இரத்தமும் கிடப்பதைக் கண்டார்கள்.

அதே வாரம் நாணலுக்குள் இருந்த அன்னத்தின் கூடு வெறுமையாகக் கிடந்தது. முட்டைகளையும் காணவில்லை, பெட்டை அன்னத்தையும் காணவில்லை. விழாவுக்கு மூன்று வாரம்கூட இல்லை. கிராமம் முழுவதும் ஒரே கதை: தமிழர் அன்னத்தைத் தின்றுவிட்டார்கள். நிலவறையை மூடவேண்டும், இவர்களை வேறு எங்காவது அனுப்பவேண்டும் என்று பாண்கடையில் வெளிப்படையாகவே பேசினார்கள்.

கிராமத்துப் பொலிஸ்காரர் என்னை அழைத்துக்கொண்டு நிலவறைக்கு வந்தார். மரியாதையான மனிதர், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். அது அன்னம் அல்ல, கோழிதான் என்று பண்ணைக்காரர் மூலம் அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஆனாலும் பள்ளிக்கூடத்து வளவில் வெட்டியது யார் என்று அறிக்கையில் எழுதவேண்டும். "யார்?" என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன். ரஞ்சன் எழும்ப முற்பட்டதை நான் கண்டேன். அவருக்கு முன்னால் சோமண்ணை எழும்பிவிட்டார்.

"நான்தான் வெட்டினனான்," என்றார்.

என் வேலை என்ன என்று எனக்குத் தெரியும். "நான்தான் வெட்டினேன்," என்று ஜெர்மனில் சொன்னேன். பொலிஸ்காரர் எழுதிக்கொண்டார். அவர் படியேறிப் போனதும் அந்தச் சின்ன அறைக்குள் எல்லோரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள்.

"உங்களுக்கென்ன விசரோ அண்ணை? நான் போய்ச் சொல்லுறன்," என்றார் ரஞ்சன்.

"இருடா. நீ இன்னும் விசாரணைக்குப் போகேல்லை. உன்ர பைலிலை முதல் தாளே கோழியாய் இருக்கக்கூடாது. நான் என்ர கதையைச் சொல்லி முடிச்சிட்டன். இனி அதிலை சேர்க்கிறதுக்கு அவங்களுக்கு ஒண்டுமில்லை."

"நீங்கள் முட்டைகூடத் தின்னாத மனிசன்!"

"அதுதான் நல்லது. செய்யாத குற்றத்துக்கு மனம் குத்தாது. நீ போய்ச் சட்டியைக் கழுவு. இன்னும் நாறுது."

கோழி என்று தெரிந்ததும் நிலவறையை மூடும் பேச்சு அடங்கியது. ஹேடி எனக்குத் தொலைபேசியில், மற்றவர்கள் வழமைபோல விழாவுக்கு வந்து சமைக்கலாம் என்றார். "அவர் மட்டும் வேண்டாம். பிள்ளைகள் பயந்துபோயிருக்கிறார்கள்." ஹேடி கல்மனம் கொண்டவர் அல்லர், அதைச் சொல்ல அவருக்கும் கஷ்டமாக இருந்தது என்று நினைக்கிறேன். அன்னம் என்ன ஆனது என்று கடைசிவரை எவருக்கும் தெரியவில்லை. வெள்ளம் கூட்டை மூடியிருக்கலாம், நரி பிடித்திருக்கலாம் என்று பிறகு சங்கத்தில் பேசிக்கொண்டார்களாம். அதை நிலவறைக்கு வந்து சொன்னவர் யாருமில்லை.

அவரை விட்டுவிட்டுப் போவதில்லை என்று இளம் ஆட்கள் பிடிவாதமாக நின்றார்கள். சோமண்ணை ஏசினார். "போகாட்டி, அன்னத்தையும் நாங்கள்தான் திண்டதெண்டு முடிவு கட்டுவாங்கள். போய் நில்லுங்கோ. கறியை நான் இஞ்சை வைச்சுத் தாறன். கறியிலை என்ர பேர் எழுதியிருக்கோ?" அப்படியே செய்தார்கள். ஊர்மக்கள் இருட்டில் நாணலோரம் பறவைக் குரல் கேட்டு நடந்த நேரத்தில், அவர் நிலத்துக்கு அடியில் உருளைக்கிழங்கு பிரட்டிக்கொண்டு நின்றார். ஹேடி இரண்டாந்தரமும் வாங்கிச் சாப்பிட்டு, இதை யார் சமைத்தது என்று கேட்டார். ரஞ்சனின் முகம் கறுத்தது. "கீழே இருப்பவர்," என்றேன் நான். ஹேடி தட்டைக் கீழே வைக்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் ஒரு சிறு மனத்தாங்கலாகப் போயிருக்கும். ஆனால் சில ஆண்டுகள் கழித்து, அவர் சூரிச்சில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, இந்த ஆண்டு வசந்தத்தில் அவரை மீண்டும் விசாரணைக்கு அழைத்தார்கள். மனைவி பரமேஸ்வரி கொழும்பில் ஓர் உறவினர் வீட்டில் வந்து காத்திருந்தார். இவருக்கு வதிவிட அனுமதி கிடைத்தால்தான் அவரை அழைக்க முடியும். விசாரணை அதிகாரி கோப்பைப் புரட்டி, பொலிஸ் அறிக்கையில் விரலை வைத்தார். "பள்ளிக்கூடத்தில் கோழி வெட்டியது நீங்களா?"

அதற்கு முன்பே ரஞ்சனுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. உண்மையைச் சொன்னால் இனி எவருக்கும் ஆபத்தில்லை. நான் கேள்வியைத் தமிழில் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"ஓம். நான்தான்," என்றார்.

அதிகாரி, இங்குள்ள பழக்கவழக்கம், இந்த நாட்டோடு ஒத்துப்போதல் என்று சில கேள்விகள் கேட்டார். எல்லாவற்றுக்கும் சோமண்ணை தலை குனிந்து பதில் சொன்னார். வெளியே வந்து ட்ராம் தரிப்பிடத்தில் நின்றபோது, எனக்குக் கோபம் தாங்கவில்லை. "ஏன் அண்ணை? இன்னும் ஆருக்காக?" என்றேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார். "தங்கச்சி, ஒரு பதிலை மாத்தினால், அண்டைக்குப் பொய் சொன்னவன்தானே எண்டு கேப்பாங்கள். கோழிக்குப் பொய் சொன்னவன் மகனுக்கும் பொய் சொல்லியிருப்பான் எண்டு எழுதுவாங்கள். கோழி என்ர தலையிலை கிடக்கட்டும். பொடியனைப் பிடிச்சுக்கொண்டு போனது உண்மை எண்டு ஒரு இடத்திலையாவது எழுதிக் கிடக்கவேணும்."

ட்ராம் வந்தது. அவர் ஏறிக்கொண்டார். அந்த விசாரணைக்கு முடிவு வரவேயில்லை. அவர் போன பிறகும் வரவில்லை.

சூரிச் மயானத்தில் மின்சாரத்தில் எரித்தோம். கொள்ளி வைக்க மகன் இல்லாததால் ரஞ்சன் முன்னால் நின்றார். ஹேடியும் வந்திருந்தார். எல்லாம் முடிந்த பிறகு ரஞ்சன் தனது அரைகுறை ஜெர்மனில் அவரிடம் போய், கோழியை வெட்டியது தானே என்று சொன்னார். இம்முறை என்னை மொழிபெயர்க்க விடவில்லை. ஹேடி கதிரையில் உட்கார்ந்துவிட்டார். வரும் விழாவில் எல்லோர் முன்னிலும் இதைச் சொல்வேன் என்றார். சொல்வாரோ என்னவோ, நான் அறியேன். சொன்னாலும் கேட்க அவர் இல்லை.

அன்று மாலை கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தேன். பரமேஸ்வரி அக்கா அழவில்லை. எப்படி இறந்தார், வலித்ததா, கடைசியாக என்ன சாப்பிட்டார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு குரல் தாழ்ந்தது.

"தங்கச்சி, அங்கையிருந்து வந்த ஒருத்தர் சொன்னவர், இவர் கோழி வெட்டிப் பொலிஸிலை பிடிபட்டவராம். அவர் செய்திருக்கமாட்டார் எண்டு எனக்குத் தெரியும். கடிதத்திலை கேக்கவும் வெக்கமாய்க் கிடந்தது. நீங்கள் பக்கத்திலை நிண்டனீங்களாம். வெட்டினவரோ?"

"இல்லை அக்கா," என்றேன். "ஒருநாளும் இல்லை."

பிறகுதான் அவர் அழத் தொடங்கினார்.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது பெரிதாக ஒன்றுமில்லை. விசாரணை அறையில், என்னைப் பாராமல் அவர் சொன்ன அந்த 'ஓம்'. அதை ஜெர்மனில் சொன்னது என் வாய். இன்றைக்கும் வேலையில் யாராவது தலை குனிந்து 'ஓம்' என்னும்போது, மொழிபெயர்க்க முன்னர் ஒரு கணம் நான் தாமதிக்கிறேன். அதிகாரிகள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.