ஓட்டோவிலேயே முடிந்துபோன கதைகள்

மகளை முன்பள்ளியில் சேர்த்த தை மாதம், பெற்றோரைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் வைத்தார்கள். பிள்ளைகளின் குட்டிக் கதிரைகளில், முழங்கால் நாடியில் முட்ட, நாங்கள் குந்தியிருந்தோம். இந்த ஒரு வருடத்தில் என்னவெல்லாம் நடக்கும் என்று ரீச்சர் சொன்னார். முதல் இரண்டு கிழமையும் அழுவார்கள். பிறகு தடிமன் வரும், மாறமாற வரும். தண்ணீர்ப் போத்தல் தொலையும். தலையில் பேன் பிடிக்கும், அதற்காக யாரோடும் சண்டைக்குப் போகவேண்டாம். வீட்டில் நாங்கள் எதைச் சொன்னாலும் "ரீச்சர் அப்பிடிச் சொல்லேல்லை" என்று மறுப்பார்கள். எல்லோரும் சிரித்தோம். கடைசியாக அவர் சொன்னதைத்தான் நான் மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

"அண்டண்டைக்கு நடந்ததெல்லாம் வீட்டை வந்து சொல்லுவினம். அம்மாமார் பொறுமையா இருந்து கேளுங்கோ."

தடிமன் வந்தது. பேன் வந்தது. போத்தல் இரண்டு தொலைந்தது. கதை மட்டும் வரவில்லை.

நான் கொக்குவிலில் வீட்டோடு இருந்து சட்டை தைக்கிறவள். கணவருக்குக் கிளிநொச்சியில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். முன்பள்ளி ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் என்பதால் மகளுக்கு ஓட்டோ பிடித்திருந்தோம். அவளோடு இன்னும் மூன்று பிள்ளைகள் அதில் வருவார்கள். பன்னிரண்டு மணிக்கு ஓட்டோச் சத்தம் கேட்டதும் மெஷினை அப்படியே விட்டுவிட்டுக் கேற்றடிக்கு ஓடுவேன். புத்தகப் பையை வாங்கி, அவள் முகத்துக்கு நேரே குனிந்து கேட்பேன்.

"இண்டைக்கு நேசறியிலை என்ன நடந்தது, குஞ்சு?"

"ஒண்டுமில்லை."

"என்ன சாப்பிட்டனீங்கள்? ஆரோடை விளையாடினனீங்கள்?"

"தெரியாது."

நான்கு வயதுப் பிள்ளைக்குக் காலையில் யாரோடு விளையாடினோம் என்று தெரியாதாம். சில பிள்ளைகள் கதை குறைவு என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். வைகாசி மாதம்வரை அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் மத்தியானம் ஓட்டோக்காரர் போகாமல் நின்றார். ஐம்பது வயது தாண்டியவர், முன்பல் ஒன்று இல்லை, வாயில் எந்நேரமும் வெற்றிலை. பிள்ளைகள் அவரை ஓட்டோ மாமா என்பார்கள்.

"கத்தரிக்காய்ச் சட்டை தைக்கத் துடங்கீட்டியளோ, தங்கச்சி?" என்று கேட்டார்.

"என்ன கத்தரிக்காய், அண்ணை?"

"கலைவிழாவுக்கு எங்கடை பிள்ளை கத்தரிக்காயெல்லோ! கரட்டுக்கு வேறை பிள்ளையை எடுத்திட்டினமாம். முதல் கொஞ்சம் கவலைதான். பிறகு, கத்தரிக்காய்க்குத்தான் தலையிலை முடி இருக்கெண்டு பிள்ளையே சொன்னவ."

சிரித்துக்கொண்டு போய்விட்டார். நான் கேற்றைப் பிடித்தபடி நின்றேன். தைக்கிறவள் நான். சட்டை என்னுடைய மெஷினில் வரவேண்டியது. அந்தச் செய்தி ஓட்டோக்காரருக்குப் போய், அவர் வாயால் எனக்கு வந்திருக்கிறது. அதுவும் "எங்கடை பிள்ளை" என்று. ரீச்சரின் கடிதம் அடுத்த நாள்தான் பையில் வந்தது.

அதற்குப் பிறகு நான் அவரிடம் துருவித் துருவிக் கேட்கத் தொடங்கினேன். கேட்கக் கேட்க வயிறு எரிந்தது. மாசி மாதத்தில் அவள் கீறிய மாட்டுப் படத்தை ஒரு பிள்ளை நாய் என்று சொல்லிவிட்டதாம், அதற்கு அழுதாளாம். முன்பள்ளி மலசலகூடத்தில் பல்லி இருப்பதால் வீடு வரும்வரை அடக்கிக்கொண்டு இருப்பாளாம். ரீச்சரின் செருப்புச் சத்தம் அவளுக்குப் பிடிக்குமாம். எல்லாம் அவருக்குத் தெரியும். பெற்ற எனக்கு "ஒண்டுமில்லை"யும் "தெரியாது"ம் மட்டும்தான்.

பொறாமைதான். வேறு என்ன பெயர் வைக்கிறது? பக்கத்து வீட்டுக்காரி புதுச் சங்கிலி போட்டபோதுகூட எனக்கு இப்படி எரியவில்லை. அவரைக் கண்டாலே குறை தேடினேன். வெற்றிலை துப்புகிறார், ஹோர்னை நீட்டி அடிக்கிறார், ஓட்டோவுக்குள் சாமிப் படம் கோணலாக நிற்கிறது. என்னிடம் இல்லாத எது இந்த மனுசனிடம் இருக்கிறது என்று பார்க்க, நூல் வாங்கப் போய் வந்ததாகச் சாட்டுச் சொல்லி ஒரு நாள் முன்பள்ளி வாசலில் அந்த ஓட்டோவில் ஏறினேன். பொலிஸ்காரர் ஏறியதுபோல நான்கு பிள்ளைகளும் வாயைப் பொத்திக்கொண்டன. ரயில் கடவை பூட்டியிருந்தது. ரயில் வரும்வரை நிற்கும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் கதையெல்லாம் நடக்கும் என்று அவர் சொல்லியிருந்தார். ரயில் வந்தது, போனது. ஒருவரும் மூச்சு விடவில்லை.

இறங்கும்போது நேரேயே கேட்டேன். "நீங்கள் என்னெண்டு கேட்டால் அண்ணை, இவள் சொல்லுறவள்?"

"நான் ஒண்டும் கேக்கிறேல்லைத் தங்கச்சி. றோட்டைப் பாத்துக்கொண்டு 'ம்' எண்டுவன். நிப்பாட்டினால் 'பிறகு?' எண்டுவன். அவ்வளவுதான்."

பெருமை அடிக்கிறார் என்று நினைத்தேன். ஆனால் அன்று இரவு படுத்திருந்தபோது ஒன்று ஞாபகம் வந்தது. பங்குனியில் ஒரு தடவை மகள் தானாகவே தொடங்கினாள். தன்னுடைய சிவப்புப் பென்சிலை ஒரு பிள்ளை எடுத்துவிட்டது என்றாள். "ஆர் எடுத்தது? ஏன் விட்டனீங்கள்? ரீச்சரிட்டைச் சொன்னனீங்களோ?" என்று நான் ஒரே மூச்சில் கேட்டேன். அடுத்த நாள் முன்பள்ளிக்கே போய் விசாரித்தேன். பென்சில் கிடைத்தது. அதோடு அவளுடைய வாயும் பூட்டிக்கொண்டது. நினைத்துப் பார்த்தேன்தான், திருந்தவில்லை. அந்த மனுசனை நடுவில் இருந்து எடுத்துவிட்டால் எல்லாம் சரிவரும் என்றே எனக்குப் பட்டது.

ஸ்கூட்டி பழகினேன். முப்பத்தாறு வயதில், பின்னேரங்களில், பக்கத்து வீட்டுக்காரியின் ஸ்கூட்டியில். ஒரு தடவை வேலியோடு போய் விழுந்து முழங்கால் தேய்ந்தது. "ஓட்டோக்காரரோடையோ உமக்குப் போட்டி?" என்று கணவர் சிரித்தார். சிரித்தாலும் ஒரு பழைய ஸ்கூட்டியைப் பார்த்து வாங்கித் தந்தார். ஆடி முதலாம் கிழமை ஓட்டோக்காரரிடம், இனி நானே ஏற்றி இறக்குகிறேன் என்று சொன்னேன்.

"சந்தோசம், தங்கச்சி" என்றார். அவர் முகம் வாடியதைக் கண்டேன். எனக்கு நல்லாயிருந்தது.

மகளிடம் வேறு கதை சொன்னேன். அவள் ஏன் ஏன் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள், எனக்கும் ஆத்திரம். "ஓட்டோவிலை இடம் காணாதாம். உங்களை இனி ஏத்தேலாதெண்டு ஓட்டோ மாமாதான் சொன்னவர்." அவள் தன் சப்பாத்தை எடுத்து, இரண்டையும் நேராக வைத்துவிட்டுப் போனாள்.

மூன்று கிழமை ஏற்றி இறக்கினேன். ஓட்டோ வருமுன் பத்து நிமிடம் முந்திப் போய் அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். ஸ்கூட்டியில் எனக்கு முன்னுக்கு நின்று, கண்ணாடித் தண்டுகளைப் பிடித்துக்கொண்டு வருவாள். கடவையில் நிற்கும்போது குனிந்து கேட்பேன், ஒன்றுமில்லை என்பாள். கத்தரிக்காய்ச் சட்டையைத் தைத்து முடித்தேன். ஊதாத் துணி, பச்சை முடி, அவ்வளவு வடிவு. போட்டுப் பார்த்துவிட்டு, "நல்லாயிருக்கு" என்று கழற்றித் தந்தாள்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை ஒரு சட்டையை அவசரமாகக் கொடுக்க வேண்டியிருந்ததால் பிந்திவிட்டேன். மகளை ஏற்றிக்கொண்டு வந்தால் கடவை பூட்டியிருந்தது. நிறுத்தி ஒரு நிமிடம் ஆகவில்லை, பக்கத்தில் அந்த ஓட்டோ வந்து நின்றது. உள்ளே மூன்று பிள்ளைகள். ஓரத்தில், என் மகள் இருந்த இடம் அப்படியே கிடந்தது. அதில் ஒரு தண்ணீர்ப் போத்தலும் இரண்டு பைகளும் இருந்தன.

மகள் அந்த இடத்தைப் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். எனக்கு ஓட்டோவுக்கு முன்னால் நிற்கக் கூசியது. இப்போது கேட்கப்போகிறாள், அவர் முன்னாலேயே என் மானம் போகப்போகிறது என்று ஹான்டிலை இறுக்கிப் பிடித்தேன்.

"என்ன பிள்ளை, மாமாவை மறந்திட்டியளோ?" என்றார் அவர். "இண்டைக்குக் கதை ஒண்டும் இல்லையோ?"

"எல்லாம் அம்மாட்டைச் சொல்லிப்போட்டன்" என்றாள் மகள்.

"உதுதான் சரி, பிள்ளை" என்று அவர் சிரித்தார். உண்மையாகவே சந்தோசப்பட்டார். ரயில் வந்து, போய், கடவை திறந்தது. ஓட்டோ முந்திப் போய்விட்டது.

ஏழு மாதமாக நான் கேட்க ஆசைப்பட்ட வசனம் அதுதான். அதுவும் அவருக்கு முன்னால். நான் ஒரு பொய் சொன்னதற்காக அவளும் ஒரு பொய் சொன்னாள், என்னைக் காப்பாற்ற. இதை அந்தக் கூட்டத்தில் ரீச்சர் சொல்லவில்லை.

பாதையைத் தாண்டியதும் ஸ்கூட்டியை மெதுவாக ஓட்டினேன். குனியவில்லை, அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுடைய உச்சி வகிடுதான் எனக்குத் தெரிந்தது. றோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"ஓட்டோ மாமா அப்பிடிச் சொல்லேல்லை. அம்மாதான் பொய் சொன்னனான்."

"ம்" என்றாள்.

"நீங்கள் அவரிட்டை எல்லாம் சொல்லுறனீங்கள், என்னட்டை ஒண்டும் சொல்லுறேல்லை. அது எனக்குப் பொறாமையாக் கிடந்தது."

அவள் திரும்பவில்லை. முன்னால் போகும் சைக்கிளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அதற்கு மேல் சொல்லத் தெரியாமல் நிறுத்திவிட்டேன்.

"பிறகு?" என்றாள்.