யாரும் வைக்காத தீ

அந்தத் தெருவில் அவளை அலாரம் என்றுதான் சொல்வார்கள். காலையில் மாட்டுக் கொட்டகையில் அவள் போடும் முதல் சத்தத்தில் பாதித் தெரு எழுந்துவிடும். மீதிப் பாதி இரண்டாவது சத்தத்தில் எழும். அவளிடமே யாராவது அப்படிச் சொன்னால், "நான் இல்லேன்னா நீங்கல்லாம் மத்தியானம்தான் பல்லு வெளக்குவீங்க" என்று திருப்பிக் கொடுப்பாள்.

அவள் புருஷன் நேர்மாறு. ரொட்டிக்கடை ஒன்றில் இருபத்தாறு வருஷம் அடுப்பு பார்த்த மனுஷன். அடுப்பு வாயில் உள்ளங்கையைக் காட்டிவிட்டு, "இன்னும் கொஞ்சம்" என்றோ "போடு" என்றோ சொல்வது அவர் வேலை. வீட்டில் அந்த இரண்டு சொல்லுக்கும் வழியில்லை. அவர் ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து நடுவில் மூச்சு வாங்குவதற்குள் அவளே அதை முடித்துவிடுவாள். முடித்த விஷயம் பெரும்பாலும் அவளுடையதாக இருக்கும்.

அவர்களுக்கு இருந்தது வீட்டுக்குப் பின்னால் முக்கோணமாய் ஒன்றரை ஏக்கர் புல்லும் இரண்டு மாடும். கொட்டகை வீட்டுச் சமையலறைச் சுவரை ஒட்டியே இருந்தது. கீழே மாடுகள், மேலே பலகைப் பரண். மழைக்கு முன்னால் புல்லை வெட்டிக் காயவைத்துப் பரண் நிறைய ஏற்றிவிட்டால் அடுத்த கோடையைத் தாண்டிவிடலாம். போன வருஷம் பாதிக் கோடையிலேயே புல் தீர்ந்துபோனது. மூன்றாவது மாட்டைத் தரகர் பிடித்துக்கொண்டு போனார். அது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. இந்த வருஷம் மிச்சமிருந்த இரண்டில் ஒன்று சினை. எதை விற்றாலும் விற்பாளே தவிர, இவற்றை விற்கமாட்டாள்.

அதனால்தான் புல் வெட்டும் மெஷின்காரனுக்கு ஒரு மாதம் முன்னாலேயே சொல்லி வைத்தாள். அவனும் சரி என்றான். அப்புறம் பார்த்தால் தினமும் ஒரே பாட்டுதான். "நாளைக்குக் காலைல வந்துர்றேன்கா." மறுநாள் கேட்டால், "இதோ கிளம்பிட்டேன்கா." கிளம்பியவன் எங்கே போனானோ! அவனுக்குப் பெரிய பெரிய வயல்கள் இருந்தன. ஒன்றரை ஏக்கருக்கு, அதுவும் மெஷின் திரும்ப முடியாத மூலைகளோடு, எவன் வருவான்? கையால் வெட்டலாம் என்றால் அவருக்கு முதுகுவலி. அவள் ஒருத்தி அரிவாளை எடுத்தால் ஒரு மாதம் ஆகும்.

பத்தாம் நாள் அவள் பொறுத்தது போதும் என்று கிளம்பினாள். பக்கத்து ஊரில் அவன் ஒரு வயலில் ஓட்டிக்கொண்டிருந்தான். நேரே போய் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, எந்திரிங்கக்கா. பாக்குறவங்க என்ன நினைப்பாங்க?"

"நினைக்கட்டும். என் மாடு பட்டினி கிடந்தா யாரு வந்து பாக்கப் போறா? முதல்ல என் புல்லு. அப்புறம் உன் ஊரு உலகம்."

அன்று சாயங்காலமே வந்து வெட்டிக் கொடுத்தான். போகும்போது, "நாலு நாள் நல்லா காயட்டும்கா. தண்டை முறிச்சா டக்குன்னு முறியணும். வளைஞ்சா ஏத்தாதீங்க" என்றான். அவள் காதில் விழுந்தது "காயட்டும்" மட்டும்தான்.

மறுநாள் ரேடியோவில் மழை என்றார்கள். இரண்டாம் நாள் மதியம் வானம் கறுத்தது. அவள் புல்லை வாரிக் கட்டத் தொடங்கினாள். அவர் ஒரு தண்டை எடுத்து வளைத்துப் பார்த்தார். அது முறியவில்லை.

"இன்னும் ஈரம்..." என்றார்.

"ஈரமாவது ஒண்ணாவது! மழை வந்தா மொத்தமும் நாறிப்போகும். பேசாம தூக்குங்க!"

சாயங்காலத்துக்குள் பரண் நிறைந்துவிட்டது. இடம் போதவில்லை என்று அவள் மேலே ஏறி அழுத்தி அழுத்தி மிதித்தாள். சாரல் படக்கூடாது என்று தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டினாள். பரண் ஜன்னலையும் அடைத்தாள். மழை கொட்டியது. தெருவில் பாதிப் பேரின் புல் நனைந்து நாசமானது. பெருமையில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. போகிறவர் வருகிறவரிடமெல்லாம் மெஷின் முன்னால் உட்கார்ந்த கதையைச் சொன்னாள்.

பத்து நாள் போயிருக்கும். கொட்டகையில் ஒரு வாசனை வந்தது, சர்க்கரையைப் பாகு காய்ச்சியதுபோல.

"பாருங்க, புல்லு எப்படி மணக்குது!"

"அது நல்ல வாசனை இல்ல. ரொட்டி அடி கருகுற..."

"உங்களுக்கு எப்பப் பாரு ரொட்டிதான்! அப்புறம் பேசலாம், பால் கேன எடுங்க."

மறுநாள் காலை பால் நிலையத்துக்குப் போய்விட்டுக் காலி கேனோடு திரும்பியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். இரண்டு மாடும் தோட்டத்துக் கடைசி மரத்தில் கட்டப்பட்டிருந்தன. வீட்டு கேஸ் சிலிண்டர் முற்றத்துக்கு அந்தப் பக்கம் வேலியோரம் கிடந்தது. வரிசையாக வாளிகளில் தண்ணீர். முப்பது வருஷத்தில் அவளைக் கேட்காமல் அந்த மனுஷன் ஒரு துரும்பை நகர்த்தியதில்லை!

"யாரக் கேட்டு அவுத்தீங்க? சிலிண்டர ஏன் தூக்கிப் போட்டீங்க? புத்தி கித்தி பிசகிடுச்சா?"

அவர் ஏணியில் ஏறினார். தார்ப்பாய் ஓரத்தில் ஒரு கடப்பாரை புல்லுக்குள் பாதி செருகியிருந்தது. துணி சுற்றிய கையால் அதை உருவிக் கீழே இறக்கி அவளிடம் நீட்டினார். அவள் வெடுக்கென்று அதன் நுனியைப் பிடித்தாள். "ஐயோ!" உள்ளங்கை பொசுங்கிவிட்டது.

"உள்ள எரியுது" என்றார்.

"எரியுதா? யாருங்க தீ வச்சா?"

"யாரும் வைக்கல. ஈரத்தோட ஏத்தினோம். மிதிச்சோம். மூடினோம். அதுவா உள்ளயே வெந்து, சூடு ஏறிடுச்சு. ஃபயர் சர்வீசுக்குச் சொல்லிட்டேன்."

பச்சைப் புல், மழையிலிருந்து காப்பாற்றிய புல், தானே தீப்பிடிக்குமா? அவளுக்கு நம்ப முடியவில்லை. ஆனால் கை எரிந்துகொண்டிருந்தது. அடுத்த நிமிஷம் ஏணியில் கால் வைத்துவிட்டாள். தார்ப்பாயைக் கிழித்து, கிடைத்தவரை கீழே தள்ளிவிடலாம் என்று நினைத்தாள்.

"தொடாதே!" அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். "காத்து பட்டா புடிச்சுக்கும்! எறங்குடி கீழ!"

தெருவே ஓடி வந்தது. அவள் கத்தியிருந்தால் ஒருவரும் வந்திருக்கமாட்டார்கள். அந்தப் பக்கத்தில் யாரும் கேட்டிராத குரல் அது.

வண்டி வந்தது. தீயணைப்பு வீரர் ஒருவர் குழாயைத் தயாராகப் பிடித்துக்கொண்டு, நீளக் கொக்கியால் தார்ப்பாயின் மூலையைத் தூக்கினார். மஞ்சள் புகை கிளம்பியது. மறுகணம் பரண் முழுக்கக் குப்பென்று பற்றிக்கொண்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பலகைகள் முறிந்து, மாடுகள் தினமும் படுக்கும் இடத்தில் நெருப்போடு வந்து விழுந்தன.

தீ அடங்கியபோது சமையலறைச் சுவர் கறுத்துப்போய் நின்றது. வீடு தப்பியது. கொட்டகை இல்லை. ஒரு பிடி புல்கூட மிஞ்சவில்லை.

"மாட்டையும் சிலிண்டரையும் முன்னாடியே எடுத்தது யாரு?" என்று வீரர் கேட்டார். அவள் புருஷனைக் காட்டினாள். "அம்மா, வீட்ல விஷயம் தெரிஞ்ச ஆள் இருக்காரு. நீங்க பொழச்சீங்க."

எல்லோரும் போன பிறகு அவள் முற்றத்தில் உட்கார்ந்தாள். கையில் மருந்து போட்டுக் கட்டியிருந்தது.

"இவ்வளவும் தெரிஞ்சு ஏங்க என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னேன்" என்றார் அவர்.

"எப்போ?"

"மூணு தடவை. ஏத்தினப்போ. நேத்து வாசனை வந்தப்போ. ராத்திரி சாப்பிடுறப்போ."

அவரிடம் கோபமே இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். அவள் யோசித்துப் பார்த்தாள். ஏற்றியது நினைவிருந்தது. வாசனை நினைவிருந்தது. ராத்திரி அவர் என்ன சொன்னார் என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. தான் பேசியது மட்டும் ஒரு வார்த்தை விடாமல் நினைவிருந்தது. தீயைப் பார்த்தபோதுகூட அவள் இவ்வளவு பயப்படவில்லை. முப்பது வருஷமாக இந்த மனுஷன் இன்னும் என்னென்ன சொல்லியிருப்பார்?

மறுநாள் காலை தெரு தூங்கிவிட்டது. அவள் சத்தமே வரவில்லை. அவர் முதுகில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மெஷின் திரும்ப முடியாமல் விட்டுப்போன மூலையில் நிற்கிற புல்லை அரிவாளால் வெட்டிக்கொண்டிருந்தார். அவளும் இன்னொரு அரிவாளை நல்ல கையில் எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் குனிந்தாள்.

"இது எத்தனை நாளைக்கு வரும்?" என்றாள்.

அவர் நிமிர்ந்தார். மூலையைப் பார்த்தார், மழைக்குப் பின் துளிர்த்திருந்த வயலைப் பார்த்தார், மரத்தடியில் நின்ற சினை மாட்டைப் பார்த்தார். வாயைத் திறந்து, வழக்கம்போல நடுவில் மூச்சு வாங்கினார்.

அவள் காத்திருந்தாள்.